எண்ணும் எழுத்தும், குற்றமும் நீதியும்

நம் கல்விக் கழகம் தொடங்கி இருபத்தைந்து ஆண்டுகள் நிறைவுறும் இவ்வேளையில், நம் பிள்ளைகள் மருத்துவம், பொறியியல், ஆசிரியப் பயிற்சி, சட்டம் எனப் பல துறைகளிலும் கால் பதித்திருப்பது கண்டு உள்ளம் பூரிக்கின்றோம். ஆயினும் நாம் இன்னும் போதிய கவனம் செலுத்தாத கல்வி ஒன்று உண்டு. குற்றம் எவ்வாறு பதியப்படுகிறது, எவர் பிடிபடுகிறார், எவர் தப்புகிறார், நீதிமன்றம் எதனை நம்புகிறது, எதனை நம்ப மறுக்கிறது என்பவற்றை முறையோடு ஆராயும் கல்வியே அது. குற்றவியல் ஆராய்ச்சி என்று கூறியவுடன், அது காவல்துறை அதிகாரிகளுக்கும் பல்கலைக்கழகப் பேராசிரியர்களுக்கும் உரியது, நமக்கு அதனால் ஆவதென்ன என்று நம்மில் பலர் எண்ணக்கூடும்.

கடந்த இருநூறு ஆண்டு வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போமாயின் அவ்வெண்ணம் மாறிவிடும். குற்றத்தைக் கணக்கெடுப்பவர் எவரோ, அவரே குற்றவாளி யார் என்பதையும் பெரும்பாலும் முடிவு செய்தார். ஒடுக்கப்பட்ட மக்கள் நெடுங்காலம் எண்ணப்பட்டவர்களாகவே இருந்தனர். எண்ணுகோல் பிறர் கையில் இருந்தது. அக்கோலைத் தம் கையில் வாங்கியவர்களின் வரலாற்றையும், அதிலிருந்து நம் இளைஞர்கள் கற்க வேண்டிய முறைகளையும் இக்கட்டுரையில் சுருக்கமாகக் காண்போம்.

கணக்கெடுப்பின் தொடக்கம்

குற்றங்களை நாடு தழுவிய அளவில் எண்ணும் வழக்கம் ஐரோப்பாவில் பிரெஞ்சு நாட்டில் வேரூன்றியது. 1825ஆம் ஆண்டு முதலான வழக்குகளின் புள்ளிவிவரங்களை அந்நாட்டு நீதித்துறை தொகுத்து, 1827 முதல் ஆண்டுதோறும் வெளியிட்டது. அவ்வெண்களைக் கொண்டு ஆந்திரே மிஷேல் கெர்ரி என்னும் வழக்கறிஞர் 1833இல் ஒரு நூல் வெளியிட்டார். எந்தெந்த மாவட்டத்தில் எவ்வகைக் குற்றம் மிகுதி என்பதை அவர் சாயலிட்ட நிலப்படங்களில் காட்டினார். கல்வியறிவு இல்லாத இடத்தில்தான் குற்றம் பெருகும் என்று அறிஞர்கள் அந்நாளில் உறுதியாக நம்பியிருந்தனர். கெர்ரியின் படங்களோ, எழுத்தறிவு மிகுந்த வடபகுதி மாவட்டங்களிலேயே சொத்து தொடர்பான குற்றங்கள் மிகுந்திருந்ததைக் காட்டின. நெடுநாள் நம்பிக்கை ஒன்று சான்றின் முன் நிற்க மாட்டாமல் ஆட்டங்கண்டது. நம்பிக்கையைச் சான்றால் சோதித்தல் என்பதே ஆராய்ச்சியின் முதற்பாடம்.

பெல்ஜிய நாட்டுப் புள்ளியியலறிஞர் அடால்ஃப் கெட்லே 1835இல் வெளியிட்ட நூலில் இரண்டாம் பாடத்தை அளித்தார். நமக்குத் தெரிய வந்த குற்றங்கள் வேறு, உண்மையில் நிகழ்ந்த குற்றங்கள் வேறு என்பதை அவர் உணர்ந்திருந்தார். பிற்காலத்தார் பதிவுக்கு வராத அப்பகுதியை இருண்ட எண்ணிக்கை என்றனர். அடித்தவன் ஊர்ப் பெரியவன், அடிபட்டவன் அவன் வயலிலே கூலி வேலை செய்பவன் என்றால், அந்தக் குற்றம் காவல் நிலையப் பதிவேட்டை எட்டுவதற்குள் எத்தனை தடைகளைத் தாண்ட வேண்டும்! நம் மக்களுக்கு நேர்ந்த கொடுமைகளுள் பெரும்பகுதி இந்த இருளிலேயே புதைந்து கிடக்கிறது என்பதை நாம் தனியே எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

முத்திரை முதலில், சான்று பிறகு

ஐரோப்பாவில் இவ்வாராய்ச்சி நடைபெற்ற அதே நூற்றாண்டில், நம் நாட்டை ஆண்ட ஆங்கிலேயர் இதற்கு நேர்மாறான வழியைக் கைக்கொண்டனர். 1871ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டம் முழு முழுச் சமூகங்களையே பிறவிக் குற்றவாளிகள் என அறிவிக்க அரசுக்கு அதிகாரம் அளித்தது. இச்சட்டத்தை ஆதரித்துப் பேசியோர் கூறிய காரணத்தை நம் இளைஞர்கள் ஊன்றிப் பார்த்தல் வேண்டும். நெசவாளன் மகன் நெசவாளனாகவும் தச்சன் மகன் தச்சனாகவும் வாழும் இந்நாட்டில், குற்றவாளியின் மகனும் குற்றவாளியாகவே இருப்பான் என்பது அவர்கள் வாதம். வருணப் பாகுபாட்டின் தருக்கத்தையே அந்நிய ஆட்சி தன் சட்டத்திற்கும் அடிப்படையாக்கிக் கொண்டது! ஒரு சமூகத்தைப் பட்டியலில் சேர்த்துவிட்டால், அது சரியா தவறா என்று நீதிமன்றம் ஆராயவும் அச்சட்டம் இடந்தரவில்லை.

1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாக இக்கொடுமை சென்னை மாகாணத்திற்கும் விரிந்தது. பட்டியலில் சேர்க்கப்பட்டோர் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். கைரேகை தர வேண்டும். குறித்த நேரத்தில் அதிகாரி முன் நிற்க வேண்டும். வெளியூர் செல்ல அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும். 1920 ஏப்ரல் 3ஆம் நாள் மதுரை மாவட்டம் பெருங்காமநல்லூரில், இப்பதிவை எதிர்த்து நின்ற பிரமலைக் கள்ளர் மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டுப் பதினாறு பேர் மாண்டனர்.

இச்சட்டம் மனித உரிமைக்கு எதிரானது என்பதை அனைவரும் அறிவர். ஆராய்ச்சி முறை என்னும் உரைகல்லில் உரைத்தாலும் அது பொய்யாகவே நிற்கிறது. ஒரு சமூகத்தை இரவும் பகலும் கண்காணித்தால், அச்சமூகத்தார் செய்யும் சிறு பிழையும் பதிவாகும். சீட்டின்றி அடுத்த ஊருக்குச் சென்றதே குற்றமாகும். அவ்வாறு பெருகிய எண்களைக் காட்டி, ‘பார்த்தீர்களா, இவர்கள் குற்றப் பரம்பரையே’ என்று மெய்ப்பித்துவிடலாம். கண்காணிப்பு எண்ணிக்கையைப் பெருக்குகிறது; எண்ணிக்கை கண்காணிப்பை நியாயப்படுத்துகிறது. இது செக்குமாட்டுச் சுற்று. ஒரு பிரிவினரைப் பற்றிய குற்ற எண்ணைக் காணும்போதெல்லாம், அவர்கள் எவ்வளவு செய்தனர் என்பதோடு, அவர்கள் எவ்வளவு கண்காணிக்கப்பட்டனர் என்றும் கேட்பதே மூன்றாம் பாடம்.

பழைய ஆவணங்களை மறுபடியும் படித்து உண்மையை மீட்கலாம் என்பதற்கும் இங்கே சான்று உண்டு. வரலாற்றாய்வாளர் மீனா ராதாகிருஷ்ணா சென்னை மாகாண ஆவணங்களை ஆராய்ந்து 2001இல் ஒரு நூல் வெளியிட்டார். ‘குற்றப் பரம்பரை’ எனப்பட்ட கொறவர் மக்கள், மாடுகளின்மீது உப்பும் தானியமும் ஏற்றி ஊர் ஊராய்ச் சென்று விற்ற வணிகர்கள் என்பதை அவர் எடுத்துக்காட்டினார். அரசின் உப்புக் கொள்கையும் இருப்புப் பாதையும் அவ்வணிகத்தைச் சிதைத்தன. பிழைப்பிழந்து அலைந்தவர்களே பின்னர்ப் பிறவித் திருடர் எனப்பட்டனர். அரசு எழுதி வைத்த அதே காகிதத்திலிருந்தே அரசின் கூற்றை மறுக்கும் சான்று கிடைத்தது என்பதை நினைவிற் கொள்க. சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுவதும் 1952இலும் அச்சட்டம் நீக்கப்பட்டது. அச்சட்டம் இட்ட முத்திரை மட்டும் மக்கள் மனத்தை விட்டு அவ்வளவு விரைவில் அகலவில்லை.

எண்ணப்பட்டவர் எண்ணத் தொடங்கினர்

இனி, கடல் கடந்த ஓரிடத்திற்குச் செல்வோம். அடிமைத்தளையினின்று விடுபட்ட அமெரிக்கக் கறுப்பின மக்கள், நம்மைப் போலவே குற்றவாளிகள் என முத்திரையிடப்பட்டவர்கள். வெள்ளையர் கும்பல் கூடி விசாரணையின்றிக் கறுப்பினத்தாரை அடித்தும் தூக்கிலிட்டும் கொல்வது அந்நாளில் வழக்கமாயிருந்தது. அவ்வாறு கொல்லப்பட்டோர் வெள்ளைப் பெண்களைக் கெடுத்தவர்கள் என்பதே கொலைக்குக் கூறப்பட்ட காரணம். படித்தவர்களும் அதனை நம்பினர்.

ஐடா பி. வெல்ஸ் என்னும் பெண்மணி 1862இல் அடிமைப் பெற்றோர்க்குப் பிறந்தவர், ஆசிரியராயிருந்து இதழாசிரியரானவர். 1892இல் மெம்ஃபிஸ் நகரில் மளிகைக் கடை நடத்திய கறுப்பினத்தார் மூவர் கும்பலால் கொல்லப்பட்டனர். அவர்கள்மீது மானபங்கக் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. வெள்ளையர் கடைக்குப் போட்டியாக அவர்கள் கடை வளர்ந்ததே பகைக்கு வித்து. அன்று முதல் வெல்ஸ் அம்மையார் கணக்கெடுக்கத் தொடங்கினார். தம் சொந்தச் செய்திகளை அவர் பெரிதும் நம்பியிருக்கவில்லை. சிகாகோ டிரிப்யூன் என்னும் வெள்ளையர் நாளிதழ் 1882 முதல் ஆண்டுதோறும் வெளியிட்டு வந்த பட்டியலையே எடுத்துக்கொண்டார். எதிர்த்தரப்பார் எழுதிய எண்ணையே சான்றாக வைத்தால், மிகைப்படுத்தினார் என்று எவரும் கூற இயலாதல்லவா? கொல்லப்பட்டோரைக் குற்றச்சாட்டு வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர்மீதுகூட மானபங்கக் குற்றம் சாட்டப்படவில்லை என்பது தெரிந்தது. அவருடைய இதழின் அலுவலகம் 1892இலேயே சூறையாடப்பட்டது. எனினும் 1895இல் அவர் வெளியிட்ட நூலிலுள்ள எண்களை எவராலும் அழிக்க முடியவில்லை.

டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ் என்னும் பேரறிஞர் மற்றொரு வழியைக் காட்டினார். 1896இலும் 1897இலும் ஃபிலடெல்ஃபியா நகரின் ஏழாம் வட்டத்தில் தங்கி, கையில் வினாப் பட்டியலுடன் வீடு வீடாகச் சென்று, அங்கு வாழ்ந்த ஒன்பதாயிரத்திற்கும் மேற்பட்ட கறுப்பின மக்களின் தொழில், கூலி, வாடகை, கல்வி ஆகியவற்றைக் குறித்துக்கொண்டார். 1899இல் வெளிவந்த அவர் நூலில் குற்றம் பற்றிய தனி அதிகாரம் உண்டு. தம் மக்களிடையே குற்றம் இல்லை என்று அவர் மூடி மறைக்கவில்லை. அதே வேளையில், கறுப்பினத்தார் சிறு காரணத்திற்கும் கைது செய்யப்படுகின்றனர், வெள்ளையரினும் நீண்ட தண்டனை பெறுகின்றனர் என்பதையும் சுட்டி, சிறைக் கணக்கைக் குற்றக் கணக்காகக் கொள்ளல் ஆகாது என்று எச்சரித்தார். மெய்யை மறையாமையும், எண்ணின் பின்னுள்ள அநீதியை விடாது காட்டுதலும் ஒருங்கே அமைந்த நூல் அது.

அண்ணல் காட்டிய வழி

இவ்விரு நாட்டு மக்களின் நிலையும் ஒத்திருந்ததை அண்ணல் அம்பேத்கர் நன்குணர்ந்திருந்தார். 1946இல் அவரும் டுபாய்ஸும் கடிதம் எழுதிக்கொண்டனர். கறுப்பினத்தார் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த விண்ணப்பம் பற்றி அண்ணல் அவரிடம் கேட்டறிந்தார்.

ஆராய்ச்சி முறையில் அண்ணல் செய்த பெருந்தொண்டு இன்னும் பலரால் உணரப்படாதது. எது குற்றம் என்னும் வரையறையையே ஆராய்ச்சியின் வாயிலாக மாற்ற முடியும் என அவர் காட்டினார். 1928இல் பம்பாய் அரசு, ஒடுக்கப்பட்ட வகுப்பினர் நிலையை ஆராய ஸ்டார்ட் என்பாரின் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அண்ணல் அதன் உறுப்பினர். 1930இல் அளிக்கப்பட்ட அறிக்கை, தம் உரிமையைக் கேட்கும் தீண்டப்படாதோரை ஊரார் எவ்வாறு பணிய வைக்கின்றனர் என்பதை விளக்கிற்று. அடிக்க வேண்டுவதில்லை, வேலை கொடுக்க மறுத்தால் போதும். கடையில் பொருள் விற்க மறுத்தால் போதும். நடக்கும் பாதையை அடைத்தால் போதும். அந்நாளைய சட்டப் புத்தகத்தில் இவற்றுள் எதுவும் குற்றமன்று. ஆகவே எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. எந்த எண்ணிக்கையிலும் வராது.

அண்ணல் வட்டமேசை மாநாட்டுக் காலத்தில் இவ்வறிக்கையைச் சான்றாகக் காட்டி, சமூகப் புறக்கணிப்பைத் தண்டனைக்குரிய குற்றமாக்க வேண்டும் என்று கோரினார். அதற்கான விதிகளை 1922ஆம் ஆண்டுப் பர்மாச் சட்டத்திலிருந்து எடுத்து, வரைந்தே கொடுத்தார். அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு 1950இல் தீண்டாமையை ஒழித்தது. 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்து, 1976இல் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டம் என வலுப்பெற்றது. 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 2015ஆம் ஆண்டுத் திருத்தம், சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பையும் வன்கொடுமைப் பட்டியலில் சேர்த்தது. பெயரில்லாத ஒரு கொடுமை சட்டத்தில் பெயர் பெறுவதற்கு முன் எவரோ அதனைக் கண்டு, கேட்டு, எழுதி வைத்திருக்க வேண்டும். நாம் இன்று எழுதி வைப்பதே நாளைய சட்டத்திற்கு விதை.

தீர்ப்பைப் படித்தல்

எண்ணுக்கு அடுத்து எழுத்து. நீதிமன்றத் தீர்ப்பு நம் வரலாற்றின் முதன்மையான ஆவணங்களுள் ஒன்று. தஞ்சை மாவட்டம் கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, கூலி உயர்வு கேட்ட தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசையோடு எரிக்கப்பட்டனர். பெண்களும் குழந்தைகளுமே அவர்களுள் பெரும்பாலோர். 1970இல் கீழை நீதிமன்றம் நிலவுடைமையாளர் சிலருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. செல்வந்தர்களான நிலக்கிழார்கள், ஆட்களை ஏவாது தாமே நடந்து வந்து தீ வைத்திருப்பர் என்பது நம்பத்தக்கதாயில்லை என்னும் கருத்து அத்தீர்ப்பில் இடம்பெற்றது. அதே நாளில் நடந்த மற்றொரு கொலை தொடர்பான வழக்கிலோ, தொழிலாளர் தரப்பினர் தண்டனை பெற்றனர்.

இதனைப் படிக்கும் இளைஞன் உள்ளம் கொதிப்பது இயல்பு. கொதிப்போடு நின்றுவிடாமல், ஆராய்ச்சியாளனாக அவன் கேட்க வேண்டிய வினாக்கள் சில உள. சாட்சிகள் எத்தனை பேர்? எவருடைய சாட்சியம் ஏற்கப்பட்டது, எவருடையது தள்ளப்பட்டது? தள்ளியதற்குக் கூறிய காரணம் என்ன? செல்வர் நடந்து வரமாட்டார் என்பது சான்றால் பெறப்பட்டதா, நீதிபதியின் உலக அனுபவத்தால் பெறப்பட்டதா? இரு வழக்குகளிலும் சாட்சியங்களை எடைபோட்ட துலாக்கோல் ஒன்றுதானா? ஒரே ஊரில் ஒரே நாளில் எழுந்த இரு வழக்குகளை அருகருகே வைத்துப் படிக்கும்போது, ஒன்றை மட்டும் படிப்போர்க்குப் புலப்படாத உண்மைகள் புலப்படும். ஒப்பிட்டுப் பார்த்தல் என்பது இதுவே.

எண்ணைத் திறந்து பார்த்தல்

நாட்டில் நிகழும் குற்றங்களின் தொகுப்பு 1953ஆம் ஆண்டு முதல் வெளிவருகிறது. 1986இல் நிறுவப்பட்ட தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் இப்போது அதனை வெளியிடுகிறது. 2021இல் பட்டியல் சாதியினர்க்கு எதிரான குற்ற வழக்குகள் 50,900, 2022இல் 57,582. அதாவது 13.1 விழுக்காடு உயர்வு. 2022இல் ஒரு இலட்சம் பட்டியல் சாதி மக்களுக்கு 28.6 வழக்கு என்று அறிக்கை கூறுகிறது. இந்த எண்களை மேடையில் முழங்குவோர் பலர். திறந்து பார்ப்போர் சிலரே. நாம் திறந்து பார்ப்போம்.

முதலாவது, 28.6 எவ்வாறு வந்தது? 57,582 வழக்குகளை 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் பட்டியல் சாதி மக்கள்தொகையாகிய ஏறத்தாழ 2,013.8 இலட்சத்தால் வகுக்க 28.6 கிடைக்கும். எழுதுகோல் எடுத்து வகுத்துப் பாருங்கள். பதினோராண்டு பழைய மக்கள்தொகையால் வகுத்திருப்பதை அப்போதுதான் காண்பீர்கள்.

இரண்டாவது, ஒரே முதல் தகவல் அறிக்கையில் பல குற்றங்கள் இருப்பின், அவற்றுள் கொடியது ஒன்று மட்டுமே கணக்கில் ஏறும். கொலையோடு வீடும் எரிக்கப்பட்டிருந்தால், கொலை எண்ணப்படும், எரிப்பு எண்ணப்படாது.

மூன்றாவது, எவர் பட்டியல் சாதியினர் என்பதே 1950ஆம் ஆண்டு ஆணையால் வரையறுக்கப்பட்டது. கிறித்தவ மதத்தைத் தழுவிய நம் உறவினர் அதன்கீழ் வாரார். அதே தெருவில் அதே கையால் அவர்கள் அடிபட்டாலும் இவ்வெண்ணில் அவர்களுக்கு இடமில்லை.

நான்காவது, 13.1 விழுக்காடு உயர்வு என்பதன் பொருள் யாது? கொடுமை பெருகியதா? அஞ்சிக் கிடந்தோர் துணிந்து புகார் கொடுத்ததா? காவல் நிலையம் முன்பு மறுத்ததை இப்போது பதிகிறதா? வழக்கு எண்ணிக்கை மிகக் குறைந்த மாவட்டம் அமைதியான மாவட்டமா, அச்சம் மிகுந்த மாவட்டமா? எண் மட்டும் இதற்கு விடை கூறாது. மருத்துவமனைக் காயப் பதிவேடு, ஊரில் நேரில் கண்டறியும் செய்தி, குற்றப்பத்திரிகை தாக்கலான தேதி, தீர்ப்பு ஆகிய பல சான்றுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தே விடை காண இயலும்.

சிறைக் கணக்கையும் இவ்வாறே காண வேண்டும். 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நால்வரில் மூவர் தீர்ப்பே பெறாதவர். அவ்விசாரணைக் கைதிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். மக்கள்தொகையில் நம் பங்கோ 16.6 விழுக்காடு. இவ்வேறுபாட்டைக் கண்டு ஒருவர் நம் மக்கள் குற்றம் மிகச் செய்கின்றனர் என்பார். பிணை கொடுக்க ஆளும் வழக்கறிஞர் வைக்கப் பொருளும் இல்லாமையே காரணம் என்பார் மற்றொருவர். இரண்டும் கருதுகோள்களே. எதனையும் சோதிக்காமல் ஏற்பது குற்றப் பரம்பரைச் சட்டத்தார் செய்த அதே பிழையாகும்.

படித்தவர் ஒருவரின் உழைப்பு

முறையான ஆராய்ச்சி எதனைச் சாதிக்கும் என்பதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்று கூறுவோம். சிறைகளில் துப்புரவுப் பணி இன்ன சாதிக்கு, சமையற்பணி இன்ன சாதிக்கு எனப் பல மாநிலச் சிறை விதிகளிலேயே எழுதப்பட்டிருந்தது. விடுதலை பெற்ற நாட்டில் எழுபதாண்டுகளுக்கு மேலாகியும் அவ்வெழுத்து அழியவில்லை. சுகன்யா சாந்தா என்னும் இதழாளர், சிறையிலிருந்தோர் கூற்றைக் கேட்டறிந்து, பல மாநிலங்களின் சிறை விதிநூல்களோடு ஒப்பிட்டு 2020இல் கட்டுரை எழுதினார். பின்னர் உச்ச நீதிமன்றத்தை நாடினார். 2024 அக்டோபர் 3ஆம் நாள் அந்நீதிமன்றம் அவ்விதிகளைச் செல்லாதனவாக்கியது. சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகளாகக் கருதும் விதிகளையும் அத்தீர்ப்பு கண்டித்தது. 1871இல் இடப்பட்ட முத்திரை 2024இல் நீதிமன்றத்தில் ஆராயப்பட்டது என்றால், அதற்கு வழிவகுத்தது எவரும் படிக்காமல் தூசி படிந்து கிடந்த விதிநூல்களைப் பொறுமையோடு படித்த ஒருவரின் உழைப்பேயாகும்.

நம் இளைஞர்கள் செய்யத்தக்கன

இவற்றையெல்லாம் கற்க வெளிநாடு செல்ல வேண்டுவதில்லை. ஒரு வட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாண்டுக் காலத்தை வரையறுத்துக்கொள்ளுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அங்குப் பதிவான வழக்குகள் ஒவ்வொன்றிற்கும் ஓர் அட்டை எழுதுங்கள். நிகழ்ந்த நாள், புகார் கொடுத்த நாள், முதல் தகவல் அறிக்கை பதிவான நாள், விசாரித்த அதிகாரியின் பதவி, எதிர்வழக்கு உண்டா என்பது, குற்றப்பத்திரிகை நாள், தீர்ப்பு, பிறழ்சாட்சியானோர் எண்ணிக்கை ஆகியவற்றை அதில் குறியுங்கள். துணைக் கண்காணிப்பாளர் நிலையிலுள்ள அதிகாரி விசாரிக்க வேண்டும் என்பது 1995ஆம் ஆண்டு விதி. அறுபது நாளில் குற்றப்பத்திரிகை அளிக்க வேண்டும் என்பதும் சட்டத்தின் கட்டளையே. உங்கள் அட்டைகள் நூறு சேர்ந்தால், சட்டம் காகிதத்தில் உள்ளதற்கும் ஊரில் உள்ளதற்கும் இடையேயான தொலைவை நாள் கணக்கிலேயே அளந்துவிடலாம்.

ஆவணங்களைப் பெறும் வழிகளும் உள்ளன. முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்தில் இணையத்தில் வெளியிட வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2016இல் ஆணையிட்டது. பாலியல் குற்றம் போன்றவற்றிற்கு மட்டும் விலக்கு உண்டு. கீழை நீதிமன்றத் தீர்ப்புகளும் இணையத்தில் கிடைக்கின்றன. 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்ப் பத்து ரூபாய்க் கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம். கேட்கும் வினா குறுகியதாகவும் தெளிவாகவும் இருத்தல் நன்று.

ஆவணத்தில் இல்லாததை மக்களிடம் கேட்க வேண்டும். அங்கேதான் பெரும் பொறுப்பு இருக்கிறது. துயருற்றவர் ஒப்புதலின்றி ஒரு சொல்லும் எழுதற்க. அவர் பெயரும் ஊரும் வெளிப்பட்டால் அவருக்கு வரும் கேடு உங்களுக்கு வராது என்பதை மறவற்க. பாலியல் கொடுமைக்கு ஆளானவர் அடையாளத்தை வெளியிடுவதைச் சட்டமும் தடுக்கிறது. ‘உங்களை அடித்தார்கள் அல்லவா?’ என்று கேளாமல், ‘அன்று என்ன நடந்தது?’ என்று கேளுங்கள். விடையை நாமே வினாவில் வைத்துக் கொடுத்தால், கிடைப்பது நம் குரலின் எதிரொலியே.

இன்னும் ஒன்று கூற வேண்டும். இது சிலருக்குக் கசக்கலாம். பிறர் நமக்கிழைத்த கொடுமையை மட்டும் எண்ணி, நம் வீட்டினுள் நம் பெண்கள்மீது நிகழும் கொடுமையை எண்ணாது விடுவோமானால், நம் கணக்கும் அரைக் கணக்கே. வெல்ஸ் அம்மையாரின் எண்கள் நிலைத்ததற்கும் டுபாய்ஸின் நூல் நூறாண்டு கடந்து வாழ்வதற்கும் காரணம், அவர்கள் தமக்குச் சாதகமானதை மட்டும் பொறுக்கி எடுக்காமையே. வழக்கு பொய் என முடிந்திருந்தால் அதனையும் எழுதுங்கள். நம்மவர் பணம் பெற்று விலகியிருந்தால் அதனையும், அவர் ஏன் விலக நேர்ந்தது என்பதோடு எழுதுங்கள். மெய்யை முழுமையாகச் சொல்லும் கணக்கை எந்த நீதிமன்றமும் எளிதில் தள்ளிவிட இயலாது.

நம் கல்விக் கழகம் வெள்ளி விழா நினைவாகத் தன் நூலகத்தில் ஒரு நிலைப்பேழையை இதற்கென ஒதுக்குதல் வேண்டும் என்பது எம் வேண்டுகோள். தீர்ப்புகளும், ஆணைய அறிக்கைகளும், நாளிதழ் நறுக்குகளும், இளைஞர்கள் எழுதும் அட்டைகளும் ஆண்டு வாரியாக அதில் சேரட்டும். சட்டம் பயில்வோரும் சமூகவியல் பயில்வோரும் மாதம் ஒருமுறை கூடி, ஒரு தீர்ப்பையேனும் வரிக்கு வரி படித்து விவாதிக்கட்டும். எழுத்தறிவு பெறுவதற்கே நம் முன்னோர் பெரும்பாடு பட்டனர். அவ்வெழுத்தைக் கொண்டு, நம்மைப் பற்றி எழுதப்பட்டவற்றைச் சரிபார்ப்பது நம் தலைமுறையின் கடமை. பொன்விழா மலர் வெளிவரும் நாளில், நம் மாவட்டத்தின் குற்றமும் நீதியும் பற்றி நம் பிள்ளைகள் தாமே எண்ணி எழுதிய நூல் அப்பேழையில் இருக்குமாயின், இக்கழகம் தோன்றியதன் பயன் நிறைவேறியது என்று கொள்ளலாம்.